கரப்பான் என்ற தோல் அரிப்பைக் கிளப்பிவிடுவது எது? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்கோட்டில் ஒரு மருந்துக் கடையில் 19 வருடமாக நிற்கிறேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் கையை நீட்டி, காலைத் தூக்கி, காலரை விலக்கிக் காட்டிக் கேட்ட கேள்விகள்தான் இவை. எனக்கும் சின்ன வயதிலிருந்தே முழங்கை மடிப்பில் இந்தத் தொல்லை உண்டு. நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து என்று இங்கே சொல்லப் போவதில்லை, எது கிளப்பிவிடுகிறது என்று கண்டுபிடிப்பதைப் பற்றித்தான் பேச்சு.

எக்ஸிமா, கரப்பான், படை, சொறி எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. கரப்பான் என்று பெரியவர்கள் சொல்வதும் எக்ஸிமா என்று டாக்டர் எழுதுவதும் பெரும்பாலும் ஒன்று. தோல் வறண்டு, சிவந்து, அரித்து, சொறியச் சொறியத் தடித்துப் போகும். சிலருக்கு நீர் வடியும். ஏரிக்கரையில் நண்டு வளை விழுந்த மாதிரிதான் இந்தத் தோல். உள்ளே இருக்கிற ஈரம் கசிந்து போய்விடும், வெளியே இருக்கிற சோப்பும் தூசியும் சுலபமாக உள்ளே இறங்கிவிடும். தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், குழந்தையைத் தூக்கலாம்.

படை என்பது பூஞ்சை. வட்டமாக, ஓரம் தடித்து, நடு கொஞ்சம் தெளிந்து, இடுப்பிலும் தொடையிடுக்கிலும் பரவும். அது ஒட்டும். சொறி சிரங்கு வேறு. விரலிடுக்கில் ஆரம்பிக்கும், ராத்திரியில் அரிப்பு உயிரை வாங்கும், வீட்டில் ரெண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தே வரும். இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டால் அப்புறம் எதைத் தவிர்த்தும் பயனில்லை.

நேற்று கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்டேன், இன்று வந்துவிட்டது. அதுதானே காரணம்?

இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். கடைசியாகச் சாப்பிட்டதன் மேல் பழி போடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் தட்டில் இருக்காது. தோலில் பட்டதில்தான் இருக்கும், அதுவும் நேற்று பட்டதாக இருக்க வேண்டியதில்லை.

தோலைக் கெடுப்பது ரெண்டு விதம். ஒன்று எரிச்சலூட்டுவது: சோப்பு, சோடா, வெங்காயச் சாறு, சிமெண்ட், வியர்வை. இது யார் தோலையும் கெடுக்கும், பட்ட அன்றைக்கே எரியும், பட்டுக்கொண்டே இருந்தால் புண்ணாகும். இன்னொன்று ஒவ்வாமை. இது ஆளைப் பொறுத்தது. பட்டு ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்துத்தான் கிளம்பும். வியாழக்கிழமை அரிக்கிறது என்றால் திங்கள் முதல் புதன் வரை என்ன தொட்டோம் என்று யோசிக்க வேண்டும்.

“பத்து வருஷமா இதே பொட்டுதான் வைக்கிறேன், இதுல எப்படிண்ணா?” என்று கேட்பார்கள். பத்து வருடம் சும்மா இருந்த பொருளே பதினோராம் வருடம் ஒவ்வாமல் போகும். பழகிய பொருள் என்பதற்காக அதைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடக் கூடாது.

அடுத்து, உடம்பில் எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். புருவ மத்தியில் வட்டமாக என்றால் ஸ்டிக்கர் பொட்டின் பசை. காது மடல், தொப்புளுக்குக் கீழே, மணிக்கட்டு என்றால் கவரிங் தோடு, ஜீன்ஸ் பட்டன், கடிகாரப் பட்டை ஆகியவற்றில் இருக்கும் நிக்கல். புடவைக்குக் குத்தும் ஊக்கிலும் அது உண்டு. கால் மேற்புறத்தில் ரப்பர் செருப்பின் வார் போகிற வழியிலேயே தடம் விழுந்திருந்தால் செருப்புதான். நெற்றி முடியோரம், காதுப் பக்கம், கண் இமை என்றால் தலைமுடிச் சாயம். அதில் இருக்கும் பி.பி.டி. என்ற பொருளைத்தான் உடனே சிவக்கட்டும் என்று கடையில் விற்கும் கறுப்பு மருதாணியிலும் சேர்க்கிறார்கள். அரைத்து வைக்கும் நம் வீட்டு மருதாணியில் அது கிடையாது.

எழுதி வைக்கவா? எதில் எழுத?

எழுதியே ஆகவேண்டும், ஞாபகம் ஏமாற்றும். நான் செய்வது இதுதான். தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அதில் மூன்றே விஷயம்: எங்கே அரித்தது, புதிதாக என்ன தொட்டேன், எங்கே போனேன். ஆணியில் குத்தி வைத்துவிடுவேன். நாலு வாரத் தாளை எடுத்துப் பாய் மேல் வரிசையாகப் பரப்பினால் கண்ணுக்கே தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. ஞாயிறு, திங்களில் அரிப்பே இல்லை, செவ்வாயிலிருந்து ஏறுகிறது. ஞாயிறு கடை விடுமுறை. வாரம் முழுக்கக் கடையில் நான் அடித்துக்கொண்டிருந்த கைகழுவும் ஸ்பிரிட்டுதான் வேலையைக் காட்டியிருக்கிறது.

சந்தேகப்படும் கிரீம், எண்ணெய் மாதிரி தோலில் அப்படியே விடும் பொருளை முழங்கையின் உள்பக்கம் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு, நல்ல தோலில், காலையும் மாலையும் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரித்தால் விட்டுவிடுங்கள். சோப்பு, ஷாம்பு, முடிச் சாயம் ஆகியவற்றை இப்படிப் பூசி விட்டுவைக்கக் கூடாது.

கை மட்டும் வெடிக்கிறது. வீட்டு வேலைதான் காரணமா?

பெரும்பாலும் அதுதான். என் அம்மா மாசி, பங்குனியில் புளி உடைத்துக் கொட்டை எடுக்கப் போவார். கூலிக்குத்தான். சாயங்காலம் வந்து கையை விரித்தால் விரல் ரேகை ஒவ்வொன்றும் வாய் திறந்திருக்கும். அதில் புளியின் புளிப்பு இறங்கி எரியும். அப்படியே போய் பாத்திரம் துலக்குவார். புளி ஒரு பக்கம், சோப்பு ஒரு பக்கம், தோல் எங்கே பிழைக்கும்? “சாம்பல் போட்டுத் துலக்கினா ஒண்ணும் ஆகாது” என்று பாட்டி சொல்வார். சாம்பலும் காரம்தான், சோப்புக்கு அது தம்பி.

இடது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகள் மட்டும் உரிகிறதா? பூண்டைச் சந்தேகியுங்கள். வலது கை கத்தியைப் பிடிக்கும், பூண்டைப் பிடிப்பது அந்த மூன்று விரல்கள்தான். இடது கைக்காரர்களுக்கு வலது கையில் வரும். பூண்டு ஊறுகாய் போடுபவர்களிடமும் ஓட்டல் சமையல்காரர்களிடமும் இதை நிறையப் பார்க்கிறேன்.

கையுறை போடுங்கள், ஆனால் வெறும் ரப்பர் கையுறைக்குள் கை வேர்த்தால் அதுவே இன்னொரு தொல்லை. உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, மேலே பிளாஸ்டிக் கையுறை. வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். மோதிரத்துக்கு அடியில் சோப்பு தங்கி அங்கேதான் முதலில் அரிக்கும், பாத்திரம் தேய்க்கும்போது அதைக் கழற்றி வையுங்கள். கை கழுவிய ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுக் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். சமையலறையில் ஒரு டப்பா, கொல்லையில் குழாயடியில் ஒரு டப்பா. எழுந்து போய் எடுக்க வேண்டுமென்றால் தடவ மாட்டோம்.

வயலுக்குப் போய் வந்தால் முகம், கழுத்து, கண் இமை எல்லாம் அரித்து வீங்குகிறது. வெயிலா?

வெயிலும் கூட்டிக்கொடுக்கும். ஆனால் நான் முதலில் கேட்பது, “வரப்புல பார்த்தீனியம் இருக்கா?” என்றுதான். இருக்கும். இந்த ரெண்டு மாவட்டத்தில் அது இல்லாத சாலையோரம் எங்கே இருக்கிறது? கேரட் இலை மாதிரி இலை, நுனியில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. 1950-களில் பூனாவில் கவனிக்கப்பட்டு, அப்புறம் நாடு முழுக்கப் பரவிய செடி. மழை பெய்தால் மளமளவென்று வளர்ந்து இடுப்பளவு நிற்கும்.

இதைத் தொடக்கூட வேண்டாம். செடியின் மேலிருக்கும் நுண்ணிய முடியும் காய்ந்து பொடியான துணுக்குகளும் காற்றில் வந்து ஒட்டும். அதனால்தான் சட்டை மூடாத இடம், கண் இமை, காதின் பின்புறம், கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு என்று வருகிறது. வெயில் ஒவ்வாமை என்றால் காதின் பின்புறமும் தாடைக்கு அடியில் நிழல் விழும் இடமும் பெரும்பாலும் தப்பிவிடும். பார்த்தீனியம் அந்த இடங்களையும் விடாது. கண்ணாடி முன் நின்று மோவாயைத் தூக்கிப் பாருங்கள்.

ஒவ்வாதவர்கள் அதைப் பிடுங்கவே போகக் கூடாது, வேறு ஆளை விடுங்கள். பிடுங்குகிறவர் முழுக்கைச் சட்டை, கையுறை போட்டு, பூக்கும் முன்பே, மழைக்கு மறுநாள் மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு எடுக்க வேண்டும். காய்ந்த செடியும் அதே வேலையைச் செய்யும், எனவே வாசலில் குவித்து வைக்காதீர்கள். துவைத்த துணியை வேலியோரம் காயப்போட வேண்டாம். வயலிலிருந்து வந்ததும் குளித்து, போட்ட துணியைத் தனியாகப் போட்டுவிடுங்கள்.

ஒரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. சாமந்தியும் பார்த்தீனியமும் ஒரே குடும்பம். சூரியகாந்தியும் அதில்தான். பார்த்தீனியம் ஒவ்வாத சிலருக்குச் சாமந்தியும் ஒவ்வாது. ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம் பக்கம் சாமந்தி பறிப்பவர்கள், பூக்கட்டும் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆயுதபூஜை நேரத்தில் கை உரிந்து வந்தால் “பூ கட்டறீங்களாக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன்.

மாங்காய்ப் பருவத்தில் வாயைச் சுற்றி வருகிறதே?

மாங்காய்ப் பால். காம்பைக் கிள்ளியதும் பீறிடுமே, அது. மா, முந்திரி, சேங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம். சேங்கொட்டைச் சாறு பட்டால் தோல் என்னவாகும் என்று வண்ணார் வீட்டில் கேட்டால் சொல்வார்கள், துணிக்குக் குறி போட ஒரு காலத்தில் அதைத்தான் வைத்திருந்தார்கள். அதிலிருக்கும் பொருளின் சொந்தக்காரப் பொருள் மாங்காய்த் தோலிலும் பாலிலும் இருக்கிறது.

சதையில் தொந்தரவு குறைவு. அதனால் பெங்களூரா மாங்காயைக் கல்லில் மோதி, தோலோடு கடித்துத் தின்பவருக்குத்தான் உதடு தடிக்கும். கழுவி, வேறு யாராவது தோல் சீவி, துண்டு போட்டுக் கொடுத்தால் பெரும்பாலோர் நிம்மதியாகச் சாப்பிடலாம். அறுவடைக்குப் போகிறவர்கள் நீளக் கைச் சட்டை போட வேண்டும். பால் பட்டால் அப்போதே தண்ணீரில் கழுவ வேண்டும், சாயங்காலம் குளிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உள்ளே இறங்கிவிடும். சாப்பிட்ட உடனே உதடு வீங்கி, மூச்சு இறுகினால் அது வேறு விஷயம், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதனால்தான் அரிக்கிறதா?

ஃபுளோரைடு பல்லில் கறை ஏற்றும், எலும்பைக் கெடுக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த ரெண்டு மாவட்டத்துக்கும் வந்ததே அதற்காகத்தான். எக்ஸிமாவுக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது.

உப்புத் தண்ணீர் விஷயம் கொஞ்சம் வேறு. கடினத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, இன்னும் கொஞ்சம் போடுவோம், அது பிசுக்காகத் தோலில் தங்கும். எரிச்சல் அங்கிருந்து வருகிறது. அதற்காகப் பல ஆயிரம் கொட்டித் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் வாங்காதீர்கள். இங்கிலாந்தில் எக்ஸிமா உள்ள 336 குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். 2011-இல் முடிவு வந்தது, இயந்திரம் வைத்த வீட்டுக் குழந்தைகளுக்குத் தனியாகப் பயன் எதுவும் தெரியவில்லை. சோப்பைக் குறையுங்கள். காவிரித் தண்ணீர் வரும் நாளில் கடைசி ரெண்டு சொம்பை அதில் ஊற்றிக்கொள்ளுங்கள், போதும்.

சரி, எந்த சோப்புதான் போடுவது? நலங்கு மாவு நல்லதுதானே?

நம் தோல் லேசான புளிப்புத் தன்மை உள்ளது, புளிப்பா காரமா என்று காட்டும் பி.ஹெச். அளவில் 5-க்குப் பக்கம். சாதாரண சோப்புக் கட்டி 9, 10, அதாவது காரம். குழந்தை சோப்பு என்று எழுதியிருந்தாலும் பல சோப்புகளின் கதை அதுதான், வாசனை வேறு. வாசனை இல்லாத, சோப்பு அல்லாத கழுவும் திரவம் கிடைக்கிறது. அதையும் அக்குள், தொடையிடுக்கு, பாதத்துக்கு மட்டும் போட்டால் போதும். கைகால் எல்லாம் தினமும் நுரைக்க வேண்டியதில்லை.

நலங்கு மாவு, பயத்தமாவு நல்ல தோலுக்குச் சரி. வெடித்த தோலில் அது அரம் போட்ட மாதிரி. அதிலிருக்கும் பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ரோஜா இதழ் ஒவ்வொன்றும் சிலருக்கு ஒவ்வாது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதை நான் மறுத்தால் சண்டைக்கே வருகிறார்கள். நீர் வடியும் புண்ணில் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

தீபாவளிக்குப் புதுத்துணியில் மஞ்சள் வைத்து அப்படியே உடுத்துவோம். இந்தத் தோல் உள்ளவர்கள் முதல் நாளே ஒரு முறை அலசிவிடட்டும், துணி விறைப்பாக நிற்கப் போடும் ரசாயனம் கொஞ்சம் போகும். சாமி கோபித்துக்கொள்ளாது.

மார்கழியிலும் வருகிறது, சித்திரையிலும் வருகிறது. குளிரா வெயிலா?

ரெண்டும்தான். மார்கழி, தையில் காற்று வறண்டு தோலின் ஈரத்தை உறிஞ்சும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இன்னும் மோசம். குளிருக்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் குளிப்பதும், கம்பளி ஸ்வெட்டரை வெறும் உடம்பில் மாட்டுவதும் சேர்ந்துகொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து, பத்து நிமிடம், ஸ்வெட்டருக்குள் பருத்திச் சட்டை. சித்திரையில் வியர்வையின் உப்பு மடிப்புகளில் தேங்கி எரிக்கும். வேர்த்ததும் ஒரு ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், சட்டையை மாற்றுங்கள்.

குழந்தைக்கு முட்டை, கடலை, கருவாடு எல்லாம் நிறுத்திவிட்டோம். சரிதானே?

கரப்பான் பண்டம் என்று ஒரு பட்டியல் ஒவ்வொரு பாட்டியிடமும் இருக்கிறது: கத்தரிக்காய், கருவாடு, வேர்க்கடலை, முட்டை. ஒரு பொருளைச் சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, வாந்தி, உதடு வீக்கம் வந்தால் நிறுத்துங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். கடுமையான எக்ஸிமா உள்ள கைக்குழந்தைகள் சிலருக்கு முட்டை, பால், கடலை ஒவ்வாமை நிஜமாகவே இருக்கும். ஆனால் சந்தேகத்தின் பேரில் எல்லாவற்றையும் நிறுத்தினால் அரிப்பும் போகாது, எடையும் ஏறாது. நீண்ட நாள் நிறுத்தி வைத்து மறுபடி கொடுக்கும்போது புதிதாக ஒவ்வாமை கிளம்புவதும் உண்டு. வேர்க்கடலை பற்றி 2015-இல் வந்த ஆய்வு நம் நினைப்பைத் தலைகீழாக்கியது: ஆபத்து அதிகம் இருந்த குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே கொடுத்துப் பழக்கியபோது கடலை ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. டாக்டர் சொல்லும் விதத்தில் அரைத்துத்தான் கொடுக்க வேண்டும், முழுக் கடலை தொண்டையில் அடைக்கும்.

வேலையால் வருகிறது என்றால் வேலையை விடவா முடியும்?

முடியாது, தெரியும். கொத்தனார் கையில் வருவது சிமெண்டின் காரத்தாலும் அதிலிருக்கும் குரோமியத்தாலும். கையுறைக்குள் சிமெண்ட் புகுந்தால் கையுறை இல்லாததை விட மோசம், நீளமானதாக வாங்குங்கள். பட்டுப்புழு மனையில் ஒரு முறை வளர்த்து முடிந்ததும் பிளீச்சிங் பவுடர், ஃபார்மலின் அடிக்கிறோம். ஃபார்மலின் ஒவ்வாமை ஒருமுறை பிடித்தால் லேசில் விடாது, அதைக் கலக்கும் வேலையையாவது வேறொருவரிடம் கொடுங்கள். கிரானைட் தூள் அரிப்பதை விட உரசுவதுதான் அதிகம், வேலை முடிந்து தட்டாதீர்கள், கழுவுங்கள்.

எண்ணெயா, கிரீமா? எவ்வளவு?

குளித்து ஒற்றித் துடைத்த மூன்று நிமிடத்துக்குள், தோலில் ஈரம் இருக்கும்போதே. தேங்காய் எண்ணெய் ஒத்துக்கொண்டால் நல்லது, கடுகெண்ணெய், ஆலிவ் எண்ணெய் வேண்டாம். அளவில்தான் எல்லோரும் கஞ்சம். உடம்பு முழுக்க இருக்கும் பெரியவருக்கு வாரத்துக்கு அரைக் கிலோ, குழந்தைக்குக் கால் கிலோ என்று மருத்துவக் குறிப்புகள் சொல்கின்றன. 30 கிராம் டியூபை ஒரு மாதம் வைத்திருந்து “ஒண்ணும் கேக்கலண்ணா” என்றால் எப்படிக் கேட்கும்? வாசனை இல்லாத வாசலின், திரவ பாரஃபின் விலை குறைவு. அது ஊறிய துணி சீக்கிரம் தீப்பிடிக்கும், அடுப்பு, கார்த்திகை விளக்குப் பக்கம் ஜாக்கிரதை.

போன தடவை கொடுத்த அதே டியூபைக் கொடுங்களேன்?

கொடுக்க மாட்டேன். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து மூன்றும் கலந்த டியூப் அது. 2018-இல் இருந்து ஸ்டீராய்டு பூச்சுகள் பலவும் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் இருக்கின்றன. படைக்கு அதைப் பூசினால் அரிப்பு ரெண்டு நாள் அடங்கும், படை உடம்பெல்லாம் ஏறும். டாக்டர் எழுதிய ஸ்டீராய்டை அவர் சொன்ன நாள், சொன்ன இடம் என்று பூசினால் பயப்பட வேண்டாம். அந்தப் பயத்தில் பாதியில் நிறுத்துகிறவர்களும் உண்டு.

எப்போது காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்?

மஞ்சள் பொருக்கு, சீழ், சூடான வலி, காய்ச்சல். எக்ஸிமா மேல் ஒரே அளவுக் கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, குழந்தை சோர்ந்து போனால் அன்றைக்கே.

பேட்ச் டெஸ்ட் என்கிறார்களே, போகலாமா?

தாளில் எழுதியும் பிடிபடவில்லை என்றால் போங்கள். ரத்தப் பரிசோதனையில் தெரியாத தொடு ஒவ்வாமையை இதுதான் காட்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கே கேட்டால் எங்கே செய்யலாம் என்று சொல்வார்கள். முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகளாகப் பொருட்களை வைத்து, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, மறுபடி ஒன்றிரண்டு நாள் கழித்துப் பார்ப்பார்கள். நீங்கள் சந்தேகப்படும் பொட்டு அட்டை, செருப்பு, சாயப் பொட்டலம், கிரீம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்லுங்கள். அந்த நாலைந்து நாளும் முதுகு நனையக் கூடாது, வேர்க்கவும் கூடாது. அதனால் ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போய் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வாரத்தில் மட்டும் தேதி வாங்கிவிடாதீர்கள்.